காரைக்குடி வெயிலிலிருந்து முக்திநாத் பனி வரை: ஒரே பையில் துணி கட்டுவது எப்படி

கல்யாணத்துக்குச் சாமான் பரப்பும்போது சிட்டை (சாமான் பட்டியல்) எழுதாமல் ஒரு கரண்டிகூட நகராத ஊர் நம்முடையது. அதே ஆட்கள் இரண்டு மாதப் பயணம் கிளம்பும்போது மட்டும் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, இதுவும் இருக்கட்டும் அதுவும் இருக்கட்டும் என்று ஆளுக்கு இரண்டு பெட்டி கட்டிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்குக் கடல் கடந்து போனவர்கள் கப்பலில் டிரங்குப் பெட்டி ஏற்றினார்கள் என்றால், தூக்க ஆள் இருந்தது, போன இடத்தில் வருஷக்கணக்கில் தங்கினார்கள். நாம் மூன்று நாளைக்கு ஒரு ஊர் மாறுகிறோம், தூக்குவதும் நாமேதான்.

முதன்முறையாக நீண்ட பயணம் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரு பாதை வைத்துக்கொள்வோம்: தீபாவளிக்குக் காசி, அங்கிருந்து காத்மாண்டு, பொக்காரா வழியாக நேபாள மலையில் உள்ள பெருமாள் தலமான முக்திநாத், திரும்பி டெல்லி, அமிர்தசரஸ், பிறகு விமானத்தில் பாங்காக், பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர், கடைசியில் திருச்சியில் இறங்கி, தையில் நம் பக்கம் வைக்கிற செவ்வாய்ப் பொங்கலுக்குள் வீடு. உங்கள் பாதை வேறாக இருக்கலாம், செய்கிற முறை இதுதான்.

முதலில் சிட்டை

பீரோவைத் திறக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து ஊர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம் குறியுங்கள். அந்த மாதத்தில் அங்கே இரவில் எவ்வளவு குளிர், துவைத்துக் காயப்போட வசதி உண்டா, கட்டாயமாக உடுத்த வேண்டிய உடை ஏதாவது உண்டா.

இரவுக் குளிரை ஏன் கேட்கிறேன் என்றால், பகல் கணக்கு ஆளை ஏமாற்றும். நவம்பரில் காத்மாண்டு பகலில் சட்டையோடு நடக்கலாம், பொழுது சாய்ந்ததும் பல் தந்தியடிக்கும். மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். பொக்காரா ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முக்திநாத் கோயில் 3,700 மீட்டருக்கும் மேலே. ஆக, பொக்காராவில் காலையில் இதமாக இருக்கிறதே என்று நினைத்து ஜீப்பில் ஏறினால், மேலே இறங்கும்போது ஏறக்குறைய 18 டிகிரி காணாமல் போயிருக்கும். நவம்பரில் அங்கே இரவு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். மார்கழியில் 20 டிகிரிக்கு இறங்கினாலே மப்ளர் தேடுகிற நமக்கு இது விளையாட்டு இல்லை.

சிட்டையை எழுதி முடித்துப் பாருங்கள், ஒரு விஷயம் தானாகத் தெரியும். இந்த இரண்டு மாதத்தில் உண்மையான குளிர் ஒரு வாரம், கூடிப்போனால் பத்து நாள். மற்றதெல்லாம் வெயில், புழுக்கம், மழை. குளிருக்குப் பயந்து பையில் பாதியைக் கம்பளியால் நிரப்பினால், அந்தக் கம்பளியைச் சிங்கப்பூர் வரைக்கும் சுமந்து திரிய வேண்டியதுதான்.

நாளை எண்ணாதீர்கள், துவைப்பை எண்ணுங்கள்

அறுபது நாளைக்கு எத்தனை சட்டை என்று கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. நாலு நாளைக்கு ஒருமுறை துவைக்க முடியுமா? முடியும் என்றால் உங்களுக்கு வேண்டியது ஐந்து செட், நாலு உடுத்த, ஒன்று துவைக்கிற அன்றைக்கு உடம்பில் கிடக்க. பயணம் ஒரு மாதமானாலும் ஆறு மாதமானாலும் அதே ஐந்துதான். இந்த ஒரு கணக்கு மனத்தில் ஏறிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ஆனால் துவைத்தது காய வேண்டுமே. நம் ஊரில் கொல்லைக் கொடியில் போட்டால் சாப்பிட்டு எழுவதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும், அந்தப் பழக்கத்தில்தான் பலரும் கனத்த பருத்தியாகப் பார்த்து எடுத்து வைக்கிறார்கள். மலையூரில், சூரியன் மூன்று மணிக்கே மலைக்குப் பின்னால் போய்விடுகிற இடத்தில், ஜீன்ஸ் பேன்ட் ஒன்று காய இரண்டு நாள் ஆகும். புழுக்கமான பினாங்கில் காய்ந்த மாதிரி இருக்கும், மடித்து வைத்தால் வாடை அடிக்கும். பருத்தி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிற நார். பாலியஸ்டர், நைலான் அவ்வளவு குடிப்பதில்லை. அதற்காக முழுக்க நைலானாகப் போனால் காசியிலும் பாங்காக்கிலும் உடம்பு வேகும். மெல்லிய பருத்தியும், பருத்தியில் பாலியஸ்டர் கலந்ததுமாகப் பார்த்து எடுங்கள்.

சந்தேகமாக இருந்தால் வீட்டிலேயே சோதித்துவிடலாம். இரவு எட்டு மணிக்கு அந்தத் துணியைத் துவைத்துப் பிழிந்து, வெளியே போடாமல் அறைக்குள் ஃபேனுக்குக் கீழே தொங்கவிடுங்கள். காலையில் காய்ந்திருந்தால் பையில் இடம் உண்டு. இடுப்புப் பட்டையும் தையலும் ஈரமாக இருந்தால் எவ்வளவு பிடித்த உடையானாலும் பீரோவிலேயே இருக்கட்டும். ஜீன்ஸ் எல்லாம் இதில் தேறாது.

ஓட்டல் அறையில் துவைக்கிறவர்களுக்கு ஒரு உபாயம். பிழிந்த துணியைக் காய்ந்த துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, முழங்காலால் அழுத்துங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். ஏசி ஓடுகிற அறையில் தொங்கவிட்டால் இன்னும் சீக்கிரம் காயும், ஏசி காற்றின் ஈரத்தையும் இழுத்துவிடுகிறது. அதனால் நைலான் கயிறு ஒரு பத்தடி, கிளிப் ஆறேழு, பார் சோப்பில் ஒரு துண்டு, இவை கட்டாயம். காசியில் நகரத்தார் சத்திரத்தில் தங்குகிறவர்கள் போனதும் காயப்போடும் இடம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலேசியாவில் 'டோபி' என்று போர்டு மாட்டிய கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, நாணயம் போட்டு நாமே துவைத்து உலர்த்தி, ஒரு மணி நேரம் சொச்சத்தில் மடித்து எடுத்து வந்துவிடலாம். அங்கே போய்ப் பத்து நாள் துணியைச் சேர்த்து மொத்தமாக வெளுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எத்தனை, எது

ஆண்களுக்கு: மேல்சட்டை ஐந்து, அதில் இரண்டு காலர் இல்லாத டி-ஷர்ட்டாக இருக்கலாம். லேசான பேன்ட் இரண்டு, போட்டுக்கொண்டு கிளம்புகிறதும் இதில் ஒன்று. வேட்டி இரண்டு, கைலி ஒன்று, உள்ளாடை ஐந்து. பாக்கெட் வைத்த பட்டாபட்டி டிராயர் பழக்கம் உள்ள பெரியவர்கள் அதை விடவே வேண்டாம், பாஸ்போர்ட்டும் பணமும் வைக்க அதைவிடப் பத்திரமான இடம் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

வேட்டியில் ஒன்று எட்டு முழம், கோயிலுக்கு. இன்னொன்று பழைய நாலு முழம், கங்கையில் முங்குவதற்கு. வெள்ளை வெளேரென்று புது வேட்டியோடு இறங்கினால் அது திரும்ப வெள்ளையாகாது. கார்த்திகை முடிந்து வருகிற பிள்ளையார் நோன்புக்கு நீங்கள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பீர்கள் என்றால், இழை எடுத்துக்கொள்ள (நூல் திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது) 21 நூல் வேண்டும், அதற்குத் தண்ணீர் படாத கோடி வேட்டி ஒன்று தனியாக. அங்கே போய்த் தேடலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

கைலியைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லலாம். ரயிலில் போர்வை, சத்திரத்தில் விரிப்பு, படித்துறையில் உடை மாற்ற மறைப்பு, துண்டு நனைந்திருந்தால் துவட்ட. பர்மாவில் ஆபீசுக்கே அதைப் போன்றதைத்தான் கட்டிப்போகிறார்கள். மலேசியாவில் மலாய்க்காரர்கள் வீட்டிலும் பள்ளிவாசலுக்கும் கட்டுகிறார்கள், ஆனால் கைலியோடு கோலாலம்பூர் மால் ஒன்றுக்குள் போனால் நீங்கள் தூங்கி எழுந்து நேரே வந்துவிட்டதாக நினைப்பார்கள்.

பெண்களுக்கு: நான்கு சுடிதார் டாப், மூன்று பேன்ட், சேலை இரண்டு, நைட்டி ஒன்று. பேன்ட் எல்லா டாப்புக்கும் பொருந்துகிற நிறத்தில் இருந்தால் நாலு டாப்பே பன்னிரண்டு செட் மாதிரி மாறி மாறி வரும். சேலைதான் கட்டுவேன் என்கிற ஆச்சிமார்கள் நான்கு மெல்லிய சேலையும், எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகிற கறுப்பு, அரக்கு என்று இரண்டு நிறத்தில் மட்டும் ரவிக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள், சேலைக்குச் சேலை மேட்சிங் ரவிக்கை என்று ஆரம்பித்தால் பை தாங்காது. கண்டாங்கி ஒன்றே ஒன்று போதும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ச் சேலைதான், பினாங்கில் யார் வீட்டு விசேஷத்துக்காவது கட்டிக்கொண்டு போனால் எடுப்பாக இருக்கும்தான், ஆனால் அது நெருக்கமான கனத்த நெசவு, நனைந்தால் கல்லாகக் கனக்கும், நான் மேலே சொன்ன ஃபேன் சோதனையில் சத்தியமாகத் தோற்கும். உள்பாவாடையில் ஜிப் வைத்த பாக்கெட் ஒன்று டெய்லரிடம் சொல்லி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். ஊக்கு ஒரு அட்டை, நாடா கோர்க்க ஒரு பெரிய ஊக்கு, ஊசி நூல்.

குளிருக்கு மூன்று அடுக்கு

இங்கேதான் முதன்முறை போகிறவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கனமான ஒரே ஸ்வெட்டரை விட, மெல்லிய மூன்று உடை ஒன்றின் மேல் ஒன்றாக இருப்பது அதிகச் சூடு தரும், ஏனென்றால் நம்மைக் காப்பது துணி இல்லை, அடுக்குகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்று. வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றவும் செய்யலாம்.

உடம்போடு ஒட்டினாற்போல் தெர்மல் என்கிற குளிர் உள்ளாடை, மேலும் கீழும். அதற்கு மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் வெளியே காற்றும் தூறலும் புகாத விண்ட்சீட்டர். தெர்மலுக்கு உள்ளே பருத்தி பனியன் போடுகிற பழக்கத்தை அந்த ஒரு வாரம் மட்டும் விட்டுவிடுங்கள். நடக்கும்போது வியர்க்கும், பருத்தி அந்த வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்ட கதையாகிவிடும். கம்பளியின் அருமை என்னவென்றால் கொஞ்சம் நனைந்தாலும் சூடு விடாது, இரண்டு மூன்று நாள் போட்டாலும் அவ்வளவாக நாறாது.

சேலை கட்டுகிறவர்கள் பாவாடைக்குக் கீழே தெர்மல் பேன்ட்டும், ரவிக்கைக்குக் கீழே முழுக்கைத் தெர்மலும் போட்டுக்கொள்ளலாம். அதற்கேற்ப ஒரு ரவிக்கையை மட்டும் கொஞ்சம் தளர்வாகத் தைத்து வாங்குங்கள். காதை மூடுகிற மங்கி கேப்பைப் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும், மேலே போனால் அவர்களே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். சாக்ஸ் கம்பளியில் இரண்டு ஜோடி. இரண்டையும் ஒன்றாகத் திணித்து இறுக்கமான ஷூவுக்குள் காலை விடாதீர்கள், ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சில்லிடும்.

பெரிய ஜாக்கெட் வாங்க நம் பக்கம் அலைய வேண்டியதில்லை. காத்மாண்டில் தமேல் பகுதியிலும், பொக்காராவில் ஏரிக்கரை ஓரமும், இறகு திணித்த ஜாக்கெட்டை நாள் வாடகைக்கே தருகிறார்கள். வாடகைக்கு எடுத்து, திரும்பும்போது கொடுத்துவிட்டு வந்தால் அதோடு முடிந்தது.

முக்திநாத்தில் இன்னொரு விஷயம் யோசிக்க வேண்டும். கோயிலுக்குப் பின்னால் 108 தாரைகளில் பனித்தண்ணீர் கொட்டும், அதற்கு அடியில் ஓடிக் குளித்து, முன்னால் இருக்கிற இரண்டு குளத்திலும் முங்குவது வழக்கம். அந்த உயரத்தில், அந்தத் தண்ணீரில், பருத்திச் சேலையோடு இறங்கிவிட்டு மாற்றுடை ஜீப்பில் இருக்கிறது என்றால் நடுக்கம் நிற்காது. குளிக்கிற உடை மெல்லியதாக இருக்கட்டும், மாற்றுடையும் துண்டும் ஒரு பையில் போட்டு, குளிக்காதவர் ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கட்டும். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். முக்திநாத் போகிற வழியில் காளிகண்டகி பள்ளத்தாக்கில் முற்பகலுக்குப் பிறகு புழுதியோடு காற்று வீசும், மூக்கை மூடக் கைக்குட்டையோ துப்பட்டாவோ கைக்கு எட்டுகிற இடத்தில் வேண்டும்.

டெல்லிக்கு வந்தபின் அமிர்தசரஸ் வரைக்கும் ஸ்வெட்டர் வேண்டியிருக்கும், நவம்பர் கடைசியில் அங்கே இரவு 10 டிகிரியை ஒட்டி வரும். பாங்காக் விமானம் ஏறுவதற்கு முன்னால் ஸ்வெட்டர், தெர்மல், மங்கி கேப், கம்பளி சாக்ஸ் எல்லாவற்றையும் கட்டித் தபால் பார்சலில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். விண்ட்சீட்டரை மட்டும் அனுப்பாதீர்கள். டிசம்பரில் சிங்கப்பூரில் மழை, மலேசியாவில் வெளியூர் பஸ்களில் ஏசியை வைக்கிற வேகத்துக்கு அது இல்லாமல் உட்கார முடியாது.

சாமி இடத்தில் எது செல்லும்

பிள்ளையார்பட்டிக்குப் போகிற மாதிரி உடுத்தினால் உலகத்தில் முக்கால்வாசி இடத்தில் உள்ளே விடுவார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதுதான் எங்கும் பொதுவான விதி. மீதிக் கால்வாசிக்குத்தான் தனிக் கவனம்.

காத்மாண்டு பசுபதிநாதர் கோயிலுக்குள் தோல் பொருள் கூடாது. பெல்ட், மணிபர்ஸ், செருப்பு எல்லாவற்றையும் யோசியுங்கள். பயணம் முழுவதற்கும் துணி பெல்ட், ரெக்சின் பர்ஸ் என்று எடுத்துக்கொண்டால் வாசலில் நின்று கழற்ற வேண்டாம். அமிர்தசரஸ் பொற்கோயிலில் ஆணும் பெண்ணும் தலையை மூட வேண்டும், தொப்பியை ஏற்பதில்லை, துண்டோ துப்பட்டாவோ கட்டிக்கொள்ளலாம், வாசலில் துணியும் தருவார்கள். சாக்ஸையும் கழற்றிவிட்டுக் கால் நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும், குளிர்காலத்தில் அந்தச் சலவைக்கல் தரை ஐஸ் மாதிரி இருக்கும், வெளியே வந்ததும் போட்டுக்கொள்ளக் காய்ந்த சாக்ஸ் பையில் இருக்கட்டும். பாங்காக் அரண்மனையில் கையில்லாத சட்டை, அரை டிரவுசர், கிழிசல் ஜீன்ஸ் எதுவும் செல்லாது. மேலே துண்டைப் போர்த்திச் சமாளித்துவிடலாம் என்று போகாதீர்கள், ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கோலாலம்பூர் தேசியப் பள்ளிவாசலில் மேலங்கி அவர்களே தருகிறார்கள். பத்துமலையில் 272 படி ஏற வேண்டும், பட்டுச்சேலைக்கு அது இடமில்லை.

அதனால் கோயில் உடை என்று தனியாக ஒன்றும் வேண்டாம், எடுத்துப்போகிற உடையெல்லாம் கோயிலுக்குச் செல்லுபடியாகிற மாதிரி பாருங்கள். அரைக்கால் டிரவுசரை இளவட்டங்கள் ஒன்று வைத்துக்கொள்ளட்டும், அறைக்குள் போட.

செருப்பு

இரண்டு ஜோடி, அவ்வளவுதான். நடக்க ஒரு ஷூ, ஏற்கெனவே போட்டுப் பழகியது. குனிந்து கட்டாமல் கழற்றி மாட்டுகிற செருப்பு ஒன்று, நாளைக்கு நாலு கோயில் வாசலில் கழற்ற வேண்டியிருக்கிறதே. கனமான ஷூவை விமானத்தில் காலில் போட்டுக்கொள்ளுங்கள், பையில் வைக்காதீர்கள்.

பை கட்டுகிற நாள்

சக்கரம் வைத்த பெட்டி விமான நிலையத்தில் நன்றாக உருளும். காசிச் சந்தில் மாட்டுக்கும் பைக்குக்கும் நடுவே அது உருளாது, தூக்கத்தான் வேண்டும். முதுகு தாங்குகிறவர்கள் முதுகுப் பையாக எடுத்துக்கொள்ளுங்கள், தாங்காதவர்கள் ஒரு கையால் தூக்க முடிகிற சின்னப் பெட்டி. தென்கிழக்கு ஆசிய மலிவு விமானங்கள் பலவற்றில் கையில் கொண்டுபோக 7 கிலோதான் அனுமதி, பெரிய பைக்குத் தனியாகக் காசு, அதையும் டிக்கெட் போடும்போதே கட்டிவிட்டால் குறைவு, கவுன்டரில் போய்க் கட்டினால் வயிறு எரியும். பொக்காராவிலிருந்து முக்திநாத் வழியில் உள்ள ஜோம்சோமுக்குச் சின்ன விமானத்தில் போகிறவர்களுக்கு எடைக் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம்.

துணியை மடிக்காமல் சுருட்டி வையுங்கள், கசங்கலும் குறையும், இடமும் மிச்சம். பிரித்து வைக்கக் கடையில் விற்கிற ஜிப் பைகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம், நம் வீடுகளில் கல்யாணத் தாம்பூலத்தோடு வந்த மஞ்சப்பை மூட்டையாகக் கிடக்குமே, அதில் நாலு போதும். ஒன்றில் குளிர் உடை, ஒன்றில் உள்ளாடை, ஒன்றில் வேட்டி சேலை, ஒன்று அழுக்குக்கு. அழுக்குத் துணியைப் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும், துணிப்பைதான் சரி. கணவனும் மனைவியுமாகப் போகிறவர்கள், ஒருவர் பையில் மற்றவருக்கு ஒரு செட் உடை மாற்றி வையுங்கள். ஒரு பை விமானத்தில் வராமல் போனாலும் மறுநாள் குளித்து மாற்ற இருக்கும்.

கட்டி முடித்ததும் எடை போடுங்கள். ஆளுக்குப் பத்துக் கிலோவைத் தாண்டினால் எதையோ ஆசைக்கு வைத்திருக்கிறீர்கள். அப்புறம் அந்தப் பையை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குள் முற்றத்து வளவைச் சுற்றி அல்ல, தெருவில் இறங்கிக் கோயில் ஊருணி வரைக்கும் நடந்துவிட்டு வாருங்கள். யாராவது பார்த்து எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்பார்கள், கேட்கட்டும். திரும்பி வந்து பையைப் பிரித்து, தோள் சொல்கிறபடி இரண்டு உருப்படியை வெளியே எடுங்கள். எதை எடுப்பது என்று தெரியவில்லையா, 'ஒருவேளை தேவைப்பட்டால்' என்று சொல்லி வைத்தது எதுவோ அதுதான். மிச்சமிருப்பதைச் சிட்டையில் வரிசையாக எழுதி ஒரு நகலைப் பைக்குள் போடுங்கள், ஒவ்வொரு ஊரிலும் அறையைக் காலி செய்யும்போது கதவுக்குப் பின்னால் தொங்குகிற துண்டு வரைக்கும் அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.